பழைய புல்லட்டில் டிரம் பிரேக்கை நன்றாகப் பிடிக்க வைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பா ஓட்டிய 1978 மாடல் புல்லட் 350 எங்கள் வீட்டில் இருக்கிறது. முன்னால் 6 அங்குல டிரம், பின்னாலும் டிரம்தான். பதினைந்து வருடமாக அதை நான்தான் ஓட்டுகிறேன், நான்தான் கழற்றி மாட்டுகிறேன். வண்டியைத் தெருவில் பார்க்கிறவர்கள் அதன் சத்தத்தைப் பற்றிப் பேசுவார்கள். ஓட்டிப் பார்த்தவர்கள் இறங்கியதும் பிரேக்கைப் பற்றித்தான் கேட்பார்கள். அப்படிக் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள் இவை. புல்லட்டை வைத்துச் சொன்னாலும் ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத், ஆர்எக்ஸ் 100 என்று கேபிள் இழுக்கும் டிரம் பிரேக் உள்ள எந்த வண்டிக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

டிரம் பிரேக் என்றால் பிடிக்காது, பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று மெக்கானிக் சொல்கிறார். சரிதானா?

பாதி சரி. இன்றைய டிஸ்க் பிரேக் அளவுக்கு வராது. ஆனால் இன்று ரோட்டில் ஓடும் பழைய புல்லட்டுகளில் பலவற்றின் பிரேக், அது கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த நிலையில்கூட இல்லை. லிவரில் நீங்கள் கொடுக்கும் அழுத்தம் கேபிள் வழியாக ஆர்முக்கும் (டிரம்முக்கு வெளியே கேபிள் இழுக்கும் கை), ஆர்மிலிருந்து கேமுக்கும் (திரும்பி ஷூவை விரிக்கும் துண்டு), கேமிலிருந்து ஷூவுக்கும், ஷூவிலிருந்து சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்கும் போக வேண்டும். கேபிள் கொஞ்சம் தின்னும், ஆர்மின் கோணம் கொஞ்சம் தின்னும், கேமைத் தாங்கும் தேய்ந்த புஷ் கொஞ்சம் தின்னும். கடைசியில் ஷூ டிரம்மைச் சரியாகத் தொடாமல் மீதியையும் தின்றுவிடும். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய கோளாறாகத் தெரியாது. அதனால்தான் ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

டிரம்முக்குள் என்னதான் நடக்கிறது?

இரண்டு பிறை வடிவ ஷூக்கள். ஒரு முனை பிவட் பின்னில் (அசையாத அச்சு ஆணி) உட்கார்ந்திருக்கும், மறுமுனை கேமில். லிவரைப் பிடித்தால் கேம் திரும்பி இரண்டு ஷூவையும் விரித்து, சுற்றுகிற டிரம்மின் உட்சுவரில் அழுத்தும்.

இரண்டு ஷூவும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. சக்கரம் சுற்றும் திசையில் பார்த்தால் ஒரு ஷூவில் கேம் முனை முதலில் வரும், பிவட் முனை பின்னால் வரும். அதுதான் லீடிங் ஷூ. டிரம் அதை உரசும்போது அந்த உரசலே ஷூவைத் தன் பக்கம் இழுத்து இன்னும் இறுக்கும். அதாவது, உங்கள் கைக்கு டிரம்மே உதவி செய்கிறது. மற்றது டிரெய்லிங் ஷூ. அதில் உரசல் ஷூவைத் தள்ளி விலக்கப் பார்க்கும். பழைய 350-இல் இருப்பது இப்படி ஒன்று லீடிங், ஒன்று டிரெய்லிங். இதைத்தான் சிங்கிள் லீடிங் என்பார்கள். பிரேக்கின் பெரும்பங்கு லீடிங் ஷூவில்தான். ஆகவே அந்த ஷூவின் லைனிங் (ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசும் பட்டை) முழுப் பரப்பும் டிரம்மைத் தொடுகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

புது பிரேக் ஷூ போட்டேன். முன்பைவிட மோசமாகிவிட்டது. மட்டமான ஷூவா?

எனக்கும் இதுவேதான் நடந்தது. நான்கு வருடத்துக்கு முன் இரண்டு பக்கமும் புது ஷூ வாங்கி மாட்டினேன். லிவர் ரப்பரைப் பிடித்த மாதிரி மெத்தென்று போனது, வண்டி நிற்கவில்லை. ஓட ஓட உட்கார்ந்துவிடும் என்றார்கள். ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டியும் உட்காரவில்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தைக் கழற்றித் திண்ணையில் வைத்து, லைனிங் முழுக்க சாக்பீஸ் தடவினேன். திரும்ப மாட்டி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, பிரேக்கை லேசாக நாலைந்து முறை பிடித்தேன். மறுபடி கழற்றிப் பார்த்தால் ஷூவின் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் சாக்பீஸ் அழிந்து கறுப்பாகத் தெரிந்தது. இரண்டு ஓரத்திலும் வெள்ளை அப்படியே இருந்தது. அவ்வளவு நாளும் அந்த இரண்டு விரல் இடத்தை நம்பித்தான் ஓட்டியிருக்கிறேன்.

காரணம் எளிது. பல வருடம் ஓடியும், ஒருமுறை கடைந்தும் டிரம்மின் உள்விட்டம் கூடியிருக்கும். புது ஷூவின் வளைவு புது டிரம்முக்கு ஏற்றது. சின்ன வளைவு பெரிய வளைவுக்குள் உட்கார்ந்தால் நடுவில் மட்டும்தான் தொடும். மீதி இடம் தொட வேண்டுமானால் ஷூவே நெளிய வேண்டும். லிவர் மெத்தென்று இருந்ததும் அதனால்தான். டிரம் பிரேக்கில் ஹைட்ராலிக் ஆயில் கிடையாது, காற்று புகுந்திருக்க வழியில்லை. லிவர் மெத்தென்று இருந்தால் ஷூ சரியாக உட்காரவில்லை, அல்லது கேபிள் அமுங்குகிறது. இந்த இரண்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அதை எப்படிச் சரிசெய்வது?

நல்ல வழி, ஷூக்களை பிரேக் பிளேட்டிலேயே (ஷூக்களைத் தாங்கி டிரம்மை மூடும் தட்டு) பூட்டி, லேத்தில் வைத்து, டிரம்மின் அளவுக்கு லைனிங்கைக் கடைவது. முதலில் டிரம்மின் உள்விட்டத்தை அளந்துகொள்ள வேண்டும். கேமுக்கும் ஷூவுக்கும் நடுவில் மெல்லிய தகடு ஒன்றை வைத்து ஷூக்களைக் கொஞ்சம் விரித்துக்கொண்டு, டிரம் விட்டத்தைவிட மயிரிழை குறைவாகக் கடைந்தால் போதும். கடைந்த பின் தகட்டை எடுத்துவிடலாம். இதற்கு லைனிங் கொஞ்சம் தடிமனாக இருக்க வேண்டும். அதனால் ரெடிமேட் ஷூவை விட, லைனிங் ஒட்டும் கடையில் தடிமனான லைனிங் போட்டு வாங்குவதே மேல். கேட்கும்போது மென்மையான ரகமாகக் கேளுங்கள். நெடுநாள் உழைக்கும் கடினமான ரகம், சூடேறாத நிலையில் சரியாகப் பிடிக்காது. நம்முடைய பழைய வண்டி வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓடினால் பெரிது. லைனிங் சீக்கிரம் தேய்ந்தால் தேயட்டும்.

லேத் வசதி இல்லையென்றால் சாக்பீஸும் அரமும் போதும். சாக்பீஸ் அழிந்த இடம்தான் மேடு. அதை லேசாக அராவி, மறுபடி தடவி, மாட்டி, சுற்றிப் பார்க்க வேண்டும். எனக்கு ஒன்பது முறை கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. முழு ஞாயிறும் போனது. கடைசித் தடவையில் லீடிங் ஷூவில் முக்கால் பாகத்துக்கு மேல் கறுப்பு வந்தது. அன்று மாலை தெருமுனை வேகத்தடைக்கு முன்னால் பழைய பழக்கத்தில் லிவரை இறுக்கிப் பிடித்தேன். வண்டி முன்னால் குனிந்தது. அந்த வண்டி அப்படிக் குனிந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

லைனிங்கின் முனையில் கேம் பக்கத்து ஓரத்தை அரத்தால் சாய்வாகச் சீவிவிடுங்கள். கூர்மையாக விட்டால் கீச்சென்று கத்தும், திடீரென்று கவ்வும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோய்விடும். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்து ஊதுகிற பழக்கம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யவிடாதீர்கள், பக்கத்தில் சிறு பையன்கள் வேலை பார்க்கும் இடத்தில் கண்டிப்பாக வேண்டாம். சோப்புத் தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். அராவும்போதும் ஈரமாக வைத்துக்கொண்டு, நல்ல மாஸ்க் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

பிரேக் பிடிக்கும்போது லிவர் கையில் துடிக்கிறது. ஏன்?

டிரம் வட்டமாக இல்லை. ஸ்போக்ஸ் கம்பிகளை ஏற்றத்தாழ்வாக முறுக்கினால் அவை ஹப்பை இழுத்து டிரம்மை மிக லேசாக முட்டை வடிவம் ஆக்கிவிடும். ஆகவே டிரம்மைக் கடைவதானால் ஸ்போக்ஸ் கட்டி, கோட்டம் எடுத்து முடித்த பிறகு, சக்கரத்தோடு சேர்த்தே லேத்தில் ஏற்றிக் கடைய வேண்டும். வெறும் ஹப்பைக் கடைந்துவிட்டு அப்புறம் ஸ்போக்ஸ் கட்டினால் செலவு வீண். சக்கரம் முழுதாக ஏறும் பெரிய லேத் எல்லாப் பட்டறையிலும் இருக்காது, விசாரித்துப் போங்கள். வட்டம் வரும் அளவுக்கு மட்டும் சீவினால் போதும். பல டிரம்களில் அதிகபட்ச விட்டம் உள்ளேயே பொறிக்கப்பட்டிருக்கும், அதைத் தாண்டக்கூடாது. கடைந்த பிறகு ஷூவையும் புது விட்டத்துக்கு ஏற்றபடி திரும்பப் பொருத்த வேண்டும். இதை மறந்தால் முந்தின கேள்விக்கே திரும்பி வருவீர்கள்.

கேபிள், ஆர்ம் விஷயத்தில் என்ன பார்க்க வேண்டும்?

ஒருவரை லிவரை இறுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கேபிளின் வெளியுறையைப் பாருங்கள். உறை வளைந்து நெளிந்தால் உங்கள் கைவலிமை அங்கே போகிறது. தடிமனான உறையும் உள்ளே நைலான் குழாயும் உள்ள கேபிள் போடுங்கள். திருப்பங்கள் அகலமாக இருக்கட்டும், ஹேண்டில்பாரைத் திருப்பினால் எங்கும் இழுபடக்கூடாது. நைலான் உள்ள கேபிளுக்குள் கிரீஸ் திணிக்காதீர்கள்.

அடுத்தது கோணம். ஷூ டிரம்மைக் கவ்வும் நேரத்தில் கேபிளும் ஆர்மும் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் இருக்க வேண்டும். அப்போதுதான் இழுப்பு முழுதாகப் போய்ச் சேரும். கோணம் 120 ஆனால் 13 சதவீதம் வீண், 135 ஆனால் ஏறத்தாழ 30 சதவீதம் வீண். லைனிங் தேயத் தேய அட்ஜஸ்டரை முறுக்கிக்கொண்டே போகிறோம் இல்லையா, அப்போது இந்தக் கோணமும் கெட்டுக்கொண்டே போகிறது.

இதற்குப் பட்டறைகளில் ஒரு குறுக்குவழி உண்டு. கேம் தண்டில் பல் இருக்கும் வண்டிகளில் ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுவார்கள். வெளியே கோணம் அழகாகிவிடும். ஆனால் உள்ளே கேம் ஏற்கெனவே அதிகமாகத் திரும்பித்தான் நிற்கிறது. லைனிங் இன்னும் தேய்ந்தால் கேம் ஒரேயடியாகக் குறுக்கே திரும்பி, ஷூவை விரித்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளலாம். முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. லைனிங் தேய்ந்திருந்தால் லைனிங்கைத்தான் மாற்ற வேண்டும்.

கைப்பிடி லிவரையும் ஒருமுறை அளந்து பாருங்கள். லிவர் திரும்பும் பின்னிலிருந்து கேபிள் நிப்பிள் உட்காரும் துளை வரை உள்ள தூரம் பழைய பிரிட்டிஷ் பாணி லிவர்களில் இரண்டு அளவில் வரும்: 7/8 அங்குலம், 1 1/16 அங்குலம். சின்ன அளவில் லிவர் அதிகம் நகரும், இழுப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். சிங்கிள் லீடிங் பிரேக்குக்கு 7/8 தான் சரி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் கடையில் எது கையில் வருகிறதோ அதை மாட்டிவிடுகிறார்கள்.

ஆர்மை நீளமாக்கினால் பிரேக் கூடுமா?

கூடும். ஆனால் லிவர் அதே அளவு அதிகமாக நகர வேண்டும். ஷூ சரியாக உட்கார்ந்து, கேபிள் நன்றாக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். இல்லையென்றால் லிவர் ஹேண்டில்பாரைப் போய் முட்டும்.

ஷூக்களை நடுவில் உட்கார வைப்பது என்கிறார்களே, அது என்ன?

ஐந்து நிமிட வேலை, காசு செலவில்லை. சக்கரத்தை மாட்டும்போது பிரேக் பிளேட்டைப் பிடித்திருக்கும் ஆக்சில் நட்டை இறுக்கி முடித்துவிடாமல், கொஞ்சம் தளர்வாக விடுங்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டு பிரேக்கை அழுத்தமாகப் பிடியுங்கள். பிளேட் தானாக நகர்ந்து இரண்டு ஷூவும் சமமாகத் தொடும் இடத்தில் நிற்கும். பிரேக்கை விடாமல் அப்படியே நட்டை இறுக்குங்கள். தனியாகச் செய்தால், பழைய டியூபில் வெட்டிய ரப்பர் பட்டையால் லிவரைக் கட்டிவிட்டால் போதும். பஞ்சர் ஒட்டிவிட்டுச் சக்கரத்தை மாட்டும்போது யாரும் இதைச் செய்வதில்லை. பஞ்சர் போட்ட பிறகு பிரேக் குறைந்துவிட்டது என்று பலர் சொல்வது இதனால்தான்.

லைனிங்கில் ஆயில் பட்டுவிட்டது. பெட்ரோலில் கழுவி, நெருப்பில் காட்டினால் சரியாகுமா?

ஆகாது. இரண்டு நாள் பிடிக்கிற மாதிரி இருக்கும். சூடேறியதும் உள்ளே ஊறிய ஆயில் மேலே வரும். மாற்றிவிடுங்கள். ஆயில் எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். புல்லட்டில் பின் டிரம் செயின் ஸ்ப்ராக்கெட்டோடு இருப்பதால் செயினில் அள்ளி ஊற்றிய ஆயில் உள்ளே போகும். முன்னால் என்றால் ஹப் பேரிங்கில் திணித்த கிரீஸ்தான் பெரும்பாலும் காரணம். கேம் தண்டுக்கும் பிவட் பின்னுக்கும் சூடு தாங்கும் கிரீஸ் கடுகளவு போதும்.

ட்வின் லீடிங் டிரம் மாட்டலாமா?

எனக்குக் கேட்டால், பணம் செலவழிக்கத் தகுந்த ஒரே மாற்றம் இதுதான். ராயல் என்ஃபீல்டின் புல்லட் 500-லும் மச்சிஸ்மோவிலும் வந்த 7 அங்குல டிரம்மில் இரண்டு கேம், இரண்டு ஷூவும் லீடிங். சுற்றுகிற டிரம்மின் உதவி இரண்டு பக்கமும் கிடைக்கும். விட்டம் 6-லிருந்து 7 ஆவதாலேயே அதே அழுத்தத்துக்கு ஆறில் ஒரு பங்கு பிடிமானம் கூடும். யமஹா ஆர்டி350-இன் இந்திய வடிவமாக வந்த ராஜ்தூத் 350-இலும் டிஸ்க்குக்குப் பதில் முன்னால் இதே வகை டிரம்தான். ஹப், பிளேட், ஆக்சில், கேபிள் எல்லாம் ஒரே செட்டாக வர வேண்டும். பிளேட் சுழலாமல் தடுக்கும் பிடி உங்கள் ஃபோர்க்கில் சரியாக உட்காருகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு வாங்குங்கள். அந்தப் பிடி அரைகுறையாக நின்றால் பிரேக் பிடித்த நொடியில் பிளேட்டே சுற்றிவிடும்.

மாட்டிவிட்டு ‘பழசுக்கும் இதுக்கும் வித்தியாசமே இல்லை’ என்பவர்களின் வண்டியில் இரண்டு கேமையும் இணைக்கும் ராடைப் பாருங்கள். அதன் நீளம் தவறாக இருந்தால் ஒரு ஷூ மட்டும்தான் வேலை செய்யும். ராடைக் கழற்றி, இரண்டு ஆர்மையும் தனித்தனியாகக் கையால் திருப்பி, ஷூ டிரம்மைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த நிலையில் ராடின் பின் இழுக்காமல் தள்ளாமல் துளையில் விழும்படி நீளத்தை வையுங்கள்.

இன்னொன்று. பின்னோக்கி உருளும்போது இந்த இரண்டு ஷூவும் டிரெய்லிங் ஆகிவிடும். ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி முன் பிரேக்கை மட்டும் நம்பினால் வண்டி பின்னால் நழுவும். பின் பிரேக்கில் கால் இருக்கட்டும்.

பேசாமல் டிஸ்க் மாட்டிவிட்டால் என்ன?

ஃபோர்க், ஹப், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் மாற்ற வேண்டும். வண்டியை மாற்றியமைப்பதில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருக்கிறது, எஃப்.சி. நேரத்தில் கேள்வி வரும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிக்கும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம் என்றாகி, முன்சக்கர டிரம் அந்த வகை வண்டிகளிலிருந்து போய்விட்டது. மீதி இருப்பவை நம்மிடம் உள்ளவைதான். தினமும் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் போகிறவர் என்றால் அதற்குப் புது வண்டி வாங்குங்கள், பழையதை வெட்டாதீர்கள்.

மலை இறங்கும்போது பிரேக் மறைந்துவிடுகிறது. பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய விஷயம்தான். வண்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 310 கிலோ என்று வையுங்கள். 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியேற வேண்டிய சக்தி, பத்து லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு. முழுவதையும் பிரேக்கிலேயே கரைத்தால் அவ்வளவு சூடும் அந்தச் சின்ன டிரம்களுக்குள் போகும். சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், லிவர் அதிகம் நகரும். லைனிங்கும் கருகிப் பிடிப்பை இழக்கும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் அந்த 6 அங்குல டிரம்மோடு நான் இறங்கியிருக்கிறேன். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர், இரண்டு அல்லது ஒன்று. எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் முழுதாக விட்டுவிட வேண்டும். கருகிய வாடை வந்தாலோ, லிவர் உள்ளே போகத் தொடங்கினாலோ ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான இரும்பு கோணிவிடும், வெடிக்கவும் செய்யும். சூட்டோடு அட்ஜஸ்டரை இறுக்குவதும் தவறு. ஆறியதும் டிரம் சுருங்கிச் சக்கரம் இறுகிவிடும்.

காற்றுப்போக பிளேட்டில் துளை போடலாமா?

பந்தய வண்டிக்குச் சரி. நம் ரோட்டில் புழுதியும் மழைத் தண்ணீரும் அதே துளை வழியாக உள்ளே வரும். வேண்டாம்.

மழையில்?

தண்ணீர் தேங்கிய இடத்தைத் தாண்டியதும், பின்னால் வண்டி இல்லையென்று பார்த்துவிட்டு, பிரேக்கை லேசாகப் பிடித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். காய்ந்துவிடும். மழையில் நின்ற வண்டியில் மறுநாள் காலை டிரம்மில் துரு பூத்து, முதல் பிடியில் கவ்வும். அந்த முதல் பிடியைத் தெருவுக்குள்ளேயே பிடித்துப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

முன் பிரேக் பிடித்தால் தூக்கி எறியும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். பின் பிரேக் மட்டும் போதாதா?

போதாது. பிரேக் பிடித்ததும் எடை முன்சக்கரத்துக்குப் போகிறது. பின்சக்கரம் லேசாகி, கொஞ்சம் அழுத்தினாலே பூட்டி வழுக்கும். நேராகப் போகும்போது முன் பிரேக்கை முதலில் மெதுவாகவும் பிறகு அழுத்தமாகவும் பிடியுங்கள். மணலிலும் ஈரமான வளைவிலும் மட்டும் ஜாக்கிரதை. வலது காலில் கியர் உள்ள பழைய புல்லட்டில் பின் பிரேக் இடது காலில் இருக்கிறது. மற்ற வண்டி ஓட்டிப் பழகியவர் அவசரத்தில் வலது காலை அழுத்தி கியரை மாற்றிவிடுவார். கை பழகியிருந்தால் அந்த நேரத்தில் முன் பிரேக்தான் காப்பாற்றும். வண்டியை யாருக்காவது கொடுக்கும் முன் இதை மட்டும் சொல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

எல்லாம் செய்து முடித்துவிட்டேன். அடுத்து?

ஆளில்லாத நேரான ரோட்டில் 30, 40 வேகத்திலிருந்து இருபது முப்பது முறை பிடித்துப் பழக்குங்கள், நடுவில் ஆறவிடுங்கள். இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை திறந்து மறுபடி சாக்பீஸ் தடவிப் பாருங்கள். லீடிங் ஷூவின் இரண்டு முனையிலும் வெள்ளை மிச்சம் இருந்தால் இன்னும் கொஞ்சம் அராவ வேண்டியிருக்கிறது.